கட்டத்துக்குள் கால் வைக்காதவன்

அந்த நேர்காணலுக்கு நான் படித்ததெல்லாம் கட்டங்கள்தான். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறைந்த அடிகளில் போய்ச் சேர வேண்டும். நடுவில் சில கட்டங்கள் அடைபட்டிருக்கும். சென்னை சாஃப்ட்வேர் கம்பெனிகள் இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்கும் என்று கூடப் படித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். முறை ஒன்றும் கஷ்டமில்லை. நிற்கிற இடத்திலிருந்து ஓரடியில் எட்டும் இடங்களையெல்லாம் ரேஷன் கடை க்யூ மாதிரி நிறுத்த வேண்டும். முன்னால் நிற்பதை எடுத்து, அதிலிருந்து ஓரடியில் எட்டுபவற்றைக் க்யூவின் கடைசியில் சேர்க்க வேண்டும். போய் வந்த இடத்துக்கு ஓர் அடையாளம் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் செக்குமாடுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவேன் என்ற திமிர் எனக்கு இருந்தது.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். அக்கா விடியுமுன் உப்பளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவாள். நேர்காணல் பிற்பகலில், லேப்டாப்பில். தெருப்பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள அவள் வாசல்படியில் உட்காருவதாக ஏற்பாடு.

"உள்ள வராதக்கா. கேமராவுல தெரியும்."

"தெரிஞ்சா என்னடா, என் அழகுக்குத் திருஷ்டி பட்டுடுமா?" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

கேள்வி கேட்டவருக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். எந்த ஊர் என்றார். "பாண்டிச்சேரி பக்கம் சார்" என்றேன். மரக்காணம் பாண்டிச்சேரி பக்கம்தானே, பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்தக் கேள்வியே வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. திரையில் இருந்த கட்டங்களின் மேல் அம்பு போட்டு, க்யூவில் எது முதலில், எது அடுத்து என்று கடகடவென்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் விட்டுப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம். நீங்க கோட்டு மேலயே போறீங்க. கட்டத்துக்குள்ளதானே நடக்கணும்? கறுப்புக் கட்டத்துக்கு ஓரமா போறீங்க பாருங்க, அங்க வழியே கெடையாது."

பார்த்தேன். அத்தனை அம்பும் கோட்டின் மேல்தான் இருந்தது. பழகியபோதெல்லாம் கட்டங்களை எண்களாகவே எழுதியிருந்தேன். படத்தில் கைவைத்தது அன்றுதான். கை தனக்குத் தெரிந்த வழியில் போய்விட்டது. உப்பளத்தில் உப்பு விளையும் சதுரப் பாத்திக்குள் யாரும் நடப்பதில்லை. கால் பட்டால் அடிச்சேறு கலங்கி உப்பு கறுத்துவிடும். வரப்புதான் பாதை. சின்ன வயதில் அக்காவுக்குச் சோறு கொண்டுபோகும்போது வரப்பை விட்டு இறங்கினால் முதுகில் ஒன்று விழும். என் கைக்குக் கோடு என்றால் வழி, கட்டம் என்றால் தண்ணீர்.

"தப்பு பரவால்ல," என்றார் அவர். "ஏன் அப்படி யோசிச்சீங்கன்னு சொல்லுங்க. எனக்கு அதான் முக்கியம்."

பதில் நாக்கு நுனியில் இருந்தது. வெளியே அக்கா யாருடைய ஆட்டையோ சன்னமான குரலில் விரட்டிக்கொண்டிருந்தாள். உப்பளம் என்று ஆரம்பித்தால் வீட்டில் யார் அங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்பார். வெயிலில் வெந்து, உப்பில் வெடித்த காலோடு கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளைச் சொல்ல வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு அழகான வார்த்தை எதுவும் அதற்கு இல்லை.

"சாரி சார். கேள்விய சரியா படிக்கல."

அவர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். நான் திருத்தி எழுதினேன். ப்ரோகிராம் பிசகில்லாமல் ஓடியது. முடிவில் அவர் மரியாதையாகவே சொன்னார்: "நல்லா எழுதுறீங்க. ஆனா கேள்வியவே படிக்காம ஆரம்பிக்கிறவர் எங்க டீமுக்கு ஒத்து வர மாட்டார். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் சொன்ன காரணத்தை நம்பித்தான் அவர் என்னைக் கழித்துவிட்டார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஊத்திக்கிச்சா?"

"கட்டத்துக்குள்ள நடக்கச் சொன்னாங்க. நான் கோட்டு மேல நடந்துட்டேன்."

"பின்ன, பாத்தியிலயா எறங்குவாங்க?" என்றாள். "நாங்க உப்பளத்து ஆளுங்க, அப்படித்தான் தோணுச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டாரு. சொல்லல."

"ஏன்?"

நான் லேப்டாப் ஒயரைச் சுற்றி வைக்க ஆரம்பித்தேன். சுற்றியதையே பிரித்து மறுபடியும் சுற்றினேன். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சரி விடு," என்றாள். "அடுத்த தடவ யாராச்சும் கேட்டா, கூடப் பொறந்தவங்க யாரும் இல்லன்னு சொல்லிடு. அதுல என்ன இருக்குது?"

கிண்டலாகச் சொன்னாளா, மனசு விட்டுப்போய்ச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். நான் தலையை நிமிர்த்தவில்லை.