லுப்னா கொண்டு வந்த பால்

ஷாஸியாவுக்கு லுப்னாவைக் கண்டாலே வயிறு எரியும். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? தண்டையார்ப்பேட்டையில் அந்தச் சந்து முழுக்கத் தெரியும், லுப்னா ஒருத்தியைத் தவிர.

ஷாஸியா மூத்த மருமகள். கல்யாணமாகி ஆறு வருஷம், இரண்டு முறை கரு கலைந்தது. லுப்னா இளையவள். வந்த பத்தாவது மாதமே ஆண் பிள்ளை, அஃப்ரித், கொழுகொழுவென்று. "சின்னவளுக்கு அல்லா பாலை வாரிக் குட்த்துட்டான்" என்று மாமி ரஹீமுன்னிசா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அடுப்படியில் நின்று அதைக் கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

ஒருவழியாக ஷாஸியாவுக்கும் பிறந்தது. ஆனால் ஏழாம் மாதமே. பெண் குழந்தை, ஒரு கிலோ இருநூறு கிராம். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் விட்டிருந்தார்கள். தாய்க்கோ பால் சுரக்கவில்லை. பிழிந்து பிழிந்து பார்த்தாலும் அரை ஸ்பூன் தேறாது.

அந்த வார்டுக்குத் தினமும் வருகிற தேவப்பிரியம், ராயபுரத்துத் தாய்சேய் சங்கத்துக்காரி. துறைமுகத்துக் கூலிக்காரர் வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. பிள்ளை பெற்றவளுக்குத் துணை உட்காருவார்கள், பால் எடுக்கிற பம்ப் இரவல் தருவார்கள், அழுகிறவளுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

"பால் வங்கில பால் கீது கண்ணு, கேட்டு வாங்கித் தர்றேன்" என்றாள் தேவப்பிரியம்.

"யாரு பாலு?" என்று குறுக்கே பாய்ந்தாள் மாமி.

பல தாய்மாருடைய பால் கலந்தது, பேர் சொல்ல மாட்டார்கள். மாமி ஒப்பவே இல்லை. மார்க்கப்படி, ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளை, அவள் பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு. நாளைக்கு அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. பேரே தெரியாவிட்டால் யாரை விலக்குவது?

தேவப்பிரியத்துக்கு இந்தக் கவலை புதிதல்ல. "அப்ப தெரிஞ்சவங்களையே இட்டுக்கினு வாங்க. ரத்தம் டெஸ்ட் எடுத்துட்டு டாக்டராண்ட நான் பேசறேன்."

"வெளில இன்னாத்துக்குத் தேடணும்? நம்ம லுப்னா கீறா இல்ல!" என்றாள் மாமி.

அட ஆண்டவனே, இந்தப் பட்டணத்தில் வேறு பொம்பளையே இல்லையா? வேண்டாம் என்று சொல்ல ஷாஸியாவுக்கு வாய் வரவில்லை.

டெஸ்ட் முடிந்ததும் லுப்னா காலையும் மாலையும் வந்தாள். வார்டுக்குப் பக்கத்து அறையில் பால் எடுத்து, பாட்டிலை ஷாஸியா கையில் கொடுப்பாள். அதை நர்ஸிடம் சேர்ப்பது ஷாஸியாவின் வேலை. நான்காம் நாள் குழந்தை முப்பது கிராம் ஏறியிருந்தது. "பாத்தியா, எஞ்சின்ன மருமவ பாலு!" என்று மாமி வார்டே கேட்கச் சொன்னாள். அப்போ பெற்றவள் யாராம்? பக்கத்து வீட்டுக்காரியா?

அன்று மாலை வராந்தாவில் கை கழுவுகிற தொட்டியருகே யாருமில்லை. ஷாஸியா பாட்டிலைக் கவிழ்த்தாள். "இன்னிக்கு அவளுக்குப் பால் வரலையாம்" என்று நர்ஸிடம் சொன்னாள். நர்ஸும் நம்பி, குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்றினாள். மறுநாள் இரண்டு வேளையும் அதேதான். பாழாய்ப் போன மனசு, கவிழ்க்கும்போது அதற்குக் கொஞ்சம் குளுகுளுவென்றுகூட இருந்தது.

அதற்கு மறுநாள் எடை பார்த்தார்கள். அறுபது கிராம் இறங்கியிருந்தது. குழந்தை அழ வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

தேவப்பிரியம் அவளைத் தனியே கூப்பிட்டாள். "லுப்னாவாண்ட கேட்டேன். ஒரு வேளகூட நிக்கல, டெய்லி பாட்டில் குட்த்தேன்னு சொல்றா."

"நான்தாங்க்கா கொட்டிட்டேன். அவ பாலக் குடிச்சா எம்பொண்ணு அவ பொண்ணா ஆயிடுமேன்னு..."

"யாராண்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே பாட்டில நான்தான் வாங்கிக்கினு போவேன்."

யாரும் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஷாஸியாவால் முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றாள். லுப்னா ஷேர் ஆட்டோவிலிருந்து பிள்ளையோடு இறங்கியதும், மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள்.

லுப்னா பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். திட்டவில்லை.

"எனக்கு எங்கக்கா அவ்ளோ பாலு? அதெல்லாம் மாமி சொல்றது. ரெண்டு மாசமாவே கொறஞ்சிபோச்சு. இவனுக்குக் கஞ்சியக் குட்த்துட்டு, இவன் பாலத்தான் கொண்டாந்தேன்."

அஃப்ரித்தை ஷாஸியாவிடம் கொடுத்துவிட்டு, அவள் பால் எடுக்க விறுவிறுவென்று உள்ளே போனாள்.

பிள்ளை சிணுங்கினான். ஷாஸியாவின் மார்பில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பால் தேடினான். கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை.