பாக்கியம் அக்காவின் சக்கரம்

மலேசியாவின் மெர்லிமாவில் நகல் எடுக்கும் கடை வைத்திருந்த மலாய்க்காரப் பெண்மணி என் யோக வகுப்பு அறிவிப்பைப் படித்துவிட்டு, "கெலாஸ் கொம்பியூத்தர் கா?" என்று கேட்டார். கணினி வகுப்பா என்று கேட்கிறார். மலாயிலும் ஒரு வரி வேண்டும் என்று கோயில் தலைவர் சொன்னதால் 'சக்கர சமன் வகுப்பு' என்ற தமிழுக்குக் கீழே 'சக்கெரா' என்று யாரிடமோ கேட்டு எழுதியிருந்தேன். மலாயில் சக்கெரா என்றால் வட்டத் தட்டு. பாட்டுத் தட்டு, கணினிக்குள் செருகும் தட்டு எல்லாம் சக்கெராதான். இல்லையம்மா, உடம்புக்குள் இருப்பது என்று முதுகுத்தண்டைத் தொட்டுக் காட்டினேன். அவர் பதறிப்போய் "சாக்கிட்?" என்றார். சாக்கிட் என்றால் வலி. நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே சக்கரம் என்ற நம் சொல் கப்பலேறி வந்து வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. சிரித்துக்கொண்டே முப்பது பிரதிகளை வாங்கி வந்தேன்.

நான் நாகசுரக்காரன். தொண்ணூறுகளின் நடுவில், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் இங்கே ஒரு கோயிலுக்கு வாசிக்க வந்தவன். யோகாசனத்துக்கும் எனக்கும் இருந்த உறவு, ஊர்க் கல்யாண மண்டபத்தில் நண்பன் இழுத்துப்போன பத்து நாள் வகுப்பும், அதில் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமும்தான். கோயில் தலைவர் அதை எப்படியோ பார்த்துவிட்டார். "ஊதுற மனுசனுக்கு மூச்சு தெரியாதா லா? அதுவும் ஊர்லேருந்து வந்தவரு" என்றார். இங்கே பேச்சின் வாலாக ஒரு 'லா' வரும்; ஊர் என்றால் இந்தியா முழுவதும். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களே, நீங்கள் எல்லோரும் பிறவி யோகிகள் என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. அதை மறுக்கும் நேர்மை எனக்கு இல்லை. வந்து ஒன்றரை வருடமாக மேளக்காரர் என்று மட்டும் கூப்பிட்டவர்கள் 'மாஸ்டர்' என்றபோது, சுகமாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் இருபது பேர் உட்கார்ந்தார்கள். மூலாதாரத்தில் தொடங்கி உச்சந்தலைவரை ஏழு சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் நினைவை நிறுத்தி, ஒரு நாசியில் இழுத்து மறு நாசியில் விட வேண்டும் என்று நோட்டில் இருந்ததை அப்படியே சொன்னேன். தொப்புளுக்குப் பக்கத்தில் இருப்பது மணிப்பூரகம், அது சமனானால் சாப்பிட்டது ஒழுங்காகச் செரிக்கும் என்றேன். எல்லோரும் கண்ணை மூடி அசையாமல் இருந்தார்கள். என்னால்தான் முடியவில்லை. கண்ணை மூடினால் மன்னார்குடி பஸ் நிலையம் வரும். மகளுக்குக் காது குத்தியாயிற்றா, ஒழுகுகிற ஓட்டை மாற்றினார்களா, ஊர் திரும்பும் பங்குனிக்கு இன்னும் எத்தனை மாதம் என்று மனம் ஓடும். மற்றவர்களுக்கு அமைதியைப் போதித்துவிட்டு, ஒரு கண்ணைத் திறந்து கைக்கடிகாரம் பார்ப்பேன்.

வகுப்பில் முதல் வரிசை பாக்கியம் அக்காவுக்கு. ஐம்பது வயதைத் தாண்டியவர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் கைகள் காய்த்துப்போனவர். கணவரின் மோட்டோர் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஒரு ஞாயிறும் தவறாமல் வந்துவிடுவார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "சக்கர இப்ப நல்லா கட்டுப்பாட்டுல இருக்கு மாஸ்டர். ஒடம்பே லேசா இருக்கு" என்றார்.

"விடாம செய்யுங்கக்கா, எல்லாம் சமனாயிடும்" என்றேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

மூன்றாம் மாதம் அக்கா நொண்டிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றியதும் வாடை அடித்தது. வலது கால் பெருவிரல் கறுத்திருந்தது. எத்தனை நாளாக என்றேன். இரண்டு வாரமாம், வலியே இல்லையாம்.

"மருந்து ஏதும் போடலையா?"

"நீங்கதானே மாஸ்டர் சக்கரய சமன்படுத்தலாம்னு எழுதி ஒட்டியிருந்தீங்க. நாங்க இங்க இனிப்பு நீர்னு சொல்றோம். ஊருத் தமிழ்ல சக்கரன்னுதானே சொல்லுவாங்க? படத்துலகூட வருமே. தொப்புள்கிட்ட பிடிச்சாச் செரிக்கும்னு வேற சொன்னீங்க. மாத்திரையெல்லாம் அன்னைக்கே நிறுத்திட்டேன் லா."

அக்கா இத்தனை நாள் சொன்னது சர்க்கரை நோயை. அக்கா, அது வேறு சக்கரம், எனக்கு வைத்தியம் தெரியாது, யோகமும் தெரியாது, நான் வெறும் நாகசுரக்காரன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அக்கா பக்கத்தில் இருந்தவரிடம், "ஊருக்காரங்க எவ்வளவு அடக்கமா பேசுறாங்க பாரு" என்றார். அவமானத்தைவிட அந்தப் பாராட்டுத்தான் என்னைக் கொன்றது.

அக்காவின் கணவர் ஆலை வேலைக்குப் போய்விட்டதால், தலைவரின் காரில் நானே அவரை மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தாதி என்னை ஏற இறங்கப் பார்த்து, "சியாப்பா நி?" என்றார். யார் இவர் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "அடேக் சாயா, டாரி இந்தியா" என்றார். என் தம்பி, இந்தியாவிலிருந்து வந்தவன் என்று சொல்கிறார். தாதி அதை அப்படியே எழுதிக்கொண்டார். தகராறு செய்யாமல் கையெழுத்துப் போட்டேன்.

விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதேன். வகுப்பை நிறுத்தினேன். அக்கா என்னைத் திட்டியிருந்தால் மனம் கொஞ்சமாவது ஆறியிருக்கும். அவர் திட்டவேயில்லை. "கட்டுப் பிரிக்கிறப்ப நீங்க சொன்ன மாதிரி மூச்ச விட்டுக்கிட்டே இருப்பேன் தம்பி, தாங்கிக்கலாம்" என்றார். மாஸ்டர் போய் நான் தம்பியாகியிருந்தேன். மாத்திரையை இரண்டு வேளையும் போட்டுவிட்டதாக எனக்குச் சொல்லியனுப்புவார். செவ்வாய்தோறும் கட்டு மாற்ற அவரை பஸ்ஸில் கூட்டிப்போவது என் வேலையாயிற்று.

பங்குனி நெருங்கியது. ஒப்பந்தம் முடிகிறது, போகிறீரா இருக்கிறீரா என்று தலைவர் கேட்டார். நாள் எண்ணிக்கொண்டிருந்தவன், இன்னும் ஒரு வருடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மனைவி சாந்தியிடம் சொல்லும் துணிவு ஒரு செவ்வாய் மதியம்தான் வந்தது. பஸ் நிற்கும் இடத்தில் அக்காவைப் பலகையில் உட்காரவைத்துவிட்டு, எதிரே இருந்த பொதுத் தொலைபேசியில் ஊருக்குக் கூப்பிட்டேன்.

"பங்குனியில வர்றேன்னீங்களே" என்றாள் சாந்தி.

"இன்னும் ஒரு வருஷம் ஆகும் போலிருக்கு."

"ஏன், என்ன ஆச்சு?"

"அக்காவுக்குக் கால் புண்ணு ஆறல. நான்தான் கூட்டிட்டுப் போகணும்."

தொலைபேசி அட்டையில் மீதியிருந்த பணத்தின் எண்கள் குறைந்துகொண்டே வந்தன.

"எந்த அக்கா?" என்றாள் சாந்தி. "உங்களுக்குத்தான் கூடப்பொறந்தவங்க யாருமே கிடையாதே?"

ரிசீவரைக் கையால் பொத்த எனக்குத் தோன்றவில்லை. கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அக்கா கூப்பிட்டார்:

"தம்பி, பஸ்ஸு வந்துருச்சு லா!"