ஏலக்காய் வாசம் என்று நினைத்த அரை மணி நேரம்

சீசன் நேரத்தில் ஆனைக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே ஏலக்காய் வாசம்தான்... ஸ்டோரில் விறகு எரிந்து பச்சைக் காய் உலரும்போது வருகிற வாசம். சட்டையில், தலைமுடியில், சாயாக்கடை பெஞ்சில், கண்டக்டர் கிழித்துத் தரும் டிக்கெட்டில்கூட இருக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது ஒரு வாசமாகவே தெரியாது.

நர்சிங் முடித்த கையோடு அங்கேயே ஒரு சின்ன கிளினிக்கில் முதல் வேலை. நாலு கட்டில், ஒரு டாக்டர், நான். புது யூனிபார்ம் போட்ட திமிர் வேறு. ஃபிசியாலஜியில் கிளாஸ் ஃபர்ஸ்ட் வாங்கியவள் இல்லையா!

ஒரு மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். தோட்டத்தில் காய் எடுக்கிற பாண்டியம்மா அக்கா, மகள் செல்வியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். செல்விக்குப் பதினெட்டு வயசு. ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலை. பேச முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டோர்ப் பொகை ஒத்துக்கிடல போலம்மா... முந்தாநாள்லருந்து இப்படித்தான் இழுக்கா."

ஸ்டோர்ப் புகையில் இழுப்பு வருவது எங்கள் ஊரில் புதிதில்லை. இழுப்பு என்று யார் வந்தாலும் முதலில் நெபுலைசர் வைத்துவிடச் சொல்லி டாக்டரே சொல்லியிருந்தார். மாஸ்க் மாட்டக் குனிந்தபோது செல்வியின் மூச்சில் இனிப்பாக ஒரு வாசம்.

"ஸ்டோர்லதானக்கா வேலை?"

"ஆமாம்மா."

அவ்வளவுதான் கேட்டேன். ஏலக்காய் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஸ்டெத் வைத்துப் பார்த்தால் நெஞ்சில் விசில் சத்தமே இல்லை. அதுவும் என் மண்டையில் ஏறவில்லை. ஒரு டோஸ் முடிந்தது, மூச்சு குறையவில்லை. இன்னொரு டோஸ் வைத்தேன்...

பாண்டியம்மா அக்கா பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருந்தார். "ஒரே தண்ணி தண்ணின்னு உசுர எடுத்துட்டாம்மா. கொடம் கொடமாக் குடிக்கா, ராவெல்லாம் வெளிய ஓடுதா. எங்க லயத்து வீட்டுலருந்து கக்கூசு எம்புட்டுத் தூரம்? மழையும் அட்டையுமா கெடக்கு. அதான் நேத்துலருந்து தண்ணிய நிறுத்திட்டேன்."

சரி சரி என்று தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

இரண்டாவது டோஸும் முடிந்து மாஸ்க்கைக் கழற்றினேன். உள்ளே அடைந்து கிடந்த அவள் மூச்சு முகத்தில் வந்து அடித்தது. ஏலக்காய் இல்லை. கனிந்து, அழுகப் போகிற பழத்தின் வாசம்.

"அக்கா... இவ கடைசியா எப்ப ஸ்டோருக்குப் போனா?"

"ஆச்சு எட்டு நாளு. எந்திரிக்கவே முடியலங்கா, எங்கிட்டுப் போக?"

எட்டு நாளாக ஸ்டோர்ப் பக்கமே போகாதவள் மூச்சில் ஏலக்காய் எப்படி வரும்? விரலில் குத்தி சுகர் பார்த்தேன். மெஷின் நம்பரே காட்டவில்லை, அதன் அளவைத் தாண்டிவிட்டது.

பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். ரத்தத்தில் சர்க்கரை இருந்தும் அதைச் செல்லுக்குள் விட இன்சுலின் இல்லை. பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கிறது, மூச்சில் பழ வாசம் வருகிறது, ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. அதைக் குறைக்கத்தான் அந்த மூச்சு. செல்விக்கு இழுப்பே இல்லை... அந்த மூச்சுதான் அவளைப் பிடித்து வைத்திருந்தது. உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் சர்க்கரையோடு சிறுநீராகப் போய்க்கொண்டிருக்க, அவள் கேட்ட தண்ணீரையும் நாங்கள் தரவில்லை.

போன் போட்டதும் டாக்டர் கழுவாத கையோடு ஓடி வந்தார். சலைனை முழுசாகத் திறந்துவிட்டு, இன்சுலினும் போட்டு, ஜீப்பில் ஏற்றினோம். குமுளி தாண்டி மலையிறக்கம். ஒவ்வொரு வளைவிலும் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி அவள் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். மூச்சு அடங்கினால் தேறுகிறாளா, களைத்துப் போகிறாளா என்று தெரியாத பயம்.

"தண்ணி குடுக்காம எம் பிள்ளைய நானே கொல்லப் பாத்துட்டேனேம்மா..."

"இல்லக்கா, சரியான நேரத்துக்குத்தான் கூட்டியாந்தீக" என்றேன். என் அரை மணி நேரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கம்பம் வந்தபோது செல்வி கண்ணைத் திறந்தாள். கேட்ட முதல் வார்த்தை, "தண்ணி."

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். இப்போது கம்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். தினமும் தானே ஊசி போட்டுக்கொள்கிறாள். நான் எழுதுகிற இந்தப் பக்கத்தில் என் எல்லா போட்டோவுக்கும் முதல் லைக் அவளுடையதுதான்.

நான் இப்போது வேலை பார்க்கிற ஐசியுவில் ஒரு சொட்டு ரத்தம் போதும், ரெண்டே நிமிஷத்தில் அமிலம் எவ்வளவு என்று மெஷின் சொல்லிவிடும். யாரும் யாரையும் மோந்து பார்க்க வேண்டியதில்லை, எல்லோரும் மாஸ்க்கில்தான் இருக்கிறோம். நல்லதுதான், அந்த மெஷின் ஏலக்காய் ஊரில் பிறக்கவில்லை. ஆனாலும் அந்த நாலு கட்டில் கிளினிக்கை நினைத்தால் மனசு கனக்கும்... பேஷண்டோடு வந்தவர்கள் புலம்புவதை இப்போது ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறேன்.

போன மாசம் ஊருக்குப் போனபோது பாண்டியம்மா அக்கா, "எம் புள்ளய மோந்து பாத்தே காப்பாத்துன மவராசி" என்று எல்லோரிடமும் என்னைக் காட்டினார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவர் வீட்டில்தான் தங்கினேன், கம்பத்திலிருந்து செல்வியும் வந்திருந்தாள். மகளுக்குத் தலைமாட்டில் இன்னமும் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். "அன்னைக்குக் குடுக்காத தண்ணிம்மா" என்றார்.

செல்வி, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அன்றைக்கு உனக்குத் தண்ணீர் தராதது அவர் மட்டும் இல்லை... எல்லாம் படித்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும்தான்.