பெரட்டுக்கு வராத பிரின்டர்

ஒரே பிரின்டரை ஆறு பிரின்டராக்கிய முட்டாள் நான்தான். எங்கள் பசறை ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும், மீதிப் பேருக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன போட்டோகொப்பிக் கடை. அதில் கம்பியூட்டர் முன்னால் உட்காருவது என் மனைவி. நான் தாள் அடுக்குவேன், ஸ்டேப்ளர் பின் அடிப்பேன், வருகிறவர்களோடு வாயடிப்பேன். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன்பு, வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவள் குவைத் போனாள். விமான நிலையத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

"கடையில எதையும் நோண்டாதீங்க" என்றாள்.

ஒரு வருடம் நோண்டவில்லை. அதற்குப் பிறகு பிரின்டர் மூஞ்சியைத் திருப்ப ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும். ஆள் வராமல் கொஞ்ச நேரம் கடை சும்மா கிடந்தால் போதும், அடுத்தவர் வந்து நிற்கும்போது திரையில் 'ஆஃப்லைன்' என்று விழும். பிரின்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். வயரைப் பிடுங்கிக் கம்பியூட்டரின் வேறு ஓட்டையில் குத்தினால் உயிர் வரும். முன்னால் இரண்டு ஓட்டை, பின்னால் நான்கு. ஆறையும் சுற்றி வந்தேன். குளிருக்குத்தான் இப்படிச் செய்கிறது என்று ஒருநாள் பிரின்டருக்கு என் மப்ளரைக்கூடச் சுற்றிவிட்டேன்.

அவளுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் ஓய்வு. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். மழையா, மழை. வைக்கட்டா, வை. மூன்று நிமிடம். அந்த வெள்ளிக்கிழமை வீடியோவில் திரையைக் காட்டினேன்.

"ஏங்க, அது என்னா கொப்பி ஒண்ணு, கொப்பி ரெண்டு, அஞ்சு வரைக்கும் போகுது? பிரின்டர் குட்டி போட்டுருச்சா?"

"நா ஒண்ணும் பண்ணல புள்ள. வயர மாத்தி மாத்திக் குத்துனேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு ஒரு வருடம் இருக்கும்.

"நம்ம தோட்டத்துப் பெரட்டு மாதிரிதாங்க" என்றாள். நாங்கள் இருவரும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள். விடிந்ததும் வேலைக்கு ஆள் நிறுத்திப் பேர் கூப்பிடும் அந்தப் பெரட்டுக்கு எங்கள் அம்மாமார் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள். "கம்பியூட்டரு பேர் கூப்புடுது. நீங்க அவன வேற வாசல்ல கொண்டு போயி நிறுத்துறீங்க. அது பழைய ஆளு வரலன்னு எழுதிட்டு, இவன புது ஆளுன்னு பேர் பதிஞ்சிக்குது."

ஐந்து கொப்பியையும் ஒவ்வொன்றாக அழிக்க வைத்தாள். நாற்பது நிமிடம் பேசினாள்.

அடுத்த வெள்ளியும் பிரின்டர் காணாமல் போயிருந்தது. அதற்குள் அவள் எங்கேயோ தேடிப் படித்திருந்தாள். சும்மா கிடந்தால் மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கம்பியூட்டரே அந்த வாசலை மூடிவிடுகிறதாம். எங்கெங்கோ போகச் சொல்லி, ஒரு கட்டத்துக்குள் இருந்த சரி அடையாளத்தை எடுக்க வைத்தாள். எடுத்தேன். எங்கள் மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசை அறிவித்தலைப் பிரின்டர் நூறு பிரதி அடித்தது, ஒருமுறைகூட முறைக்கவில்லை.

அதற்கடுத்த வெள்ளி, "பிரின்டரு?" என்றாள். "நல்லா இருக்கு" என்றேன். சாப்பிட்டாயா, மழையா, வைக்கட்டா. மூன்று நிமிடம்.

உண்மை பேசுகிறவனுக்கு உலகம் கொடுப்பது அவ்வளவுதான் என்று புரிந்துகொண்டேன். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அவள் கூப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னால் வயரைப் பிடுங்கி வைத்தேன். அவள் அதைப் பார், இதைப் பார் என்று சொல்லச் சொல்ல, நான் பார்த்தேன், எதையும் செய்யாமல் அவள் முகத்தை மட்டும். நடுவில் பக்கத்து வீட்டு மாடு, பெரியம்மாவின் முழங்கால், கத்தரிக்காய் விலை எல்லாம் வந்துபோகும். ஒன்று மட்டும் வராது. அவளுடைய இரண்டு வருட வேலை ஒப்பந்தம் முடியப் போகிறது. வருவாளா, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊரெல்லாம் வாயடிக்கிறவனுக்கு.

போன வெள்ளி கைப்பேசியைத் தாள் கட்டின்மேல் சாய்த்துவைத்துவிட்டு, வழக்கம்போல் முகத்தைத் தொங்கப் போட்டேன்.

"மறுபடி ஆஃப்லைன் புள்ள. எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். இது இங்க இருந்து பாக்குற ஆளு பாத்தாத்தான் சரியாகும்."

அவள் கைப்பேசித் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். வயரின் நுனி என் கையிலேயே இருந்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டு பேசியிருக்கிறேன்.

"ஈஸ்டருக்கு வந்துருவேன், அதுவரைக்கும் வயரப் புடுங்காதீங்க."