ராஜா தராத விசா

ஏட்டி, உனக்கு வேறு வேலையே கிடையாதா? ரேஷன் கார்டை எடுத்துத் தா என்றுதானே தகரப்பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அடியில் கிடந்ததை எதற்குக் கிளறினாய்? கிளறியதும் போதாதென்று ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு சீலு கூட இல்லியே பாட்டி, பாஸ்போர்ட்டு எடுத்தும் எங்கயும் போவலியா?" என்று கேள்வி வேறு. ஊர்வம்பு கேட்கிற காதுக்குக் கம்மல் ஒரு கேடா?

சரி, கேட்டாயிற்று. இங்கே உட்கார். அதை மூக்குப் பக்கத்தில் வைத்துப் பார். மூன்றாம் தாளில் பழுப்பாக ஒட்டியிருக்கிறதே, அது காயமருந்து. சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கிண்டுவது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. இத்தனை வருசம் கழித்தும் மணம் போகவில்லை பார். பாட்டிலை நன்றாகத்தான் மூடினேன். பாஸ்போர்ட்டும் அதுவும் ஒரே பையில் கிடந்தன, விமானம் ஏறுவதற்குத் தயாராக.

என் மகள் ரெஜினாவை உனக்குத் தெரியும். அவள் புருசனுக்கு வளைகுடாவில் ஏசி ரிப்பேர் வேலை. கல்யாணம் முடிந்த மறு வருசம் அவளையும் கூட்டிப்போய் அக்காமா எடுத்துக் கொடுத்தான். அக்காமா என்றால் அக்காவும் கிடையாது, அம்மாவும் கிடையாது. இவள் எங்கள் நாட்டில் குடியிருக்கலாம் என்று அந்த ஊர் ராஜா கொடுக்கிற ஒரு அட்டை. அந்த அட்டையை நம்பித்தான் என் பிள்ளை அங்கே இருந்தாள். அங்கே அவளுக்கு இரண்டு தடவை ஐந்தாம் மாசத்தில் கலைந்தது. மூன்றாவதும் உண்டானது. சுனாமி வந்துபோய் மூன்று வருசம் இருக்கும்.

அப்போது போன் இருந்தது பக்கத்து வீட்டுக் கோழிக்கண்ணி வீட்டில்தான். அவளுக்குச் சின்ன உருண்டைக் கண், அதனால் அந்தப் பேர். ஞானஸ்நானப் பேர் மரிய பிலோமினாள். எனக்கும் ஞானஸ்நானப் பேர் மரிய பிலோமினாள்தான். அவள் புருசன் அந்தோணி, என் புருசனும் அந்தோணி. எங்கள் கடற்கரையில் புண்ணியவாளர்கள் பேரைத்தானே வைப்பார்கள். பேர் பத்து, ஆள் ஆயிரம். அதனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு பட்டப்பேர். எனக்குச் சிரிப்பாணி. சிரித்துக்கொண்டே திரிகிறவள் என்று அர்த்தம். பிலோமினாள் என்று என்னைக் கூப்பிட்டது ஞானஸ்நானத்தில் ஒரு தடவை, கல்யாணப் பூசையில் ஒரு தடவை. இரண்டு தடவையும் கூப்பிட்டது சாமியார்.

கோழிக்கண்ணி ஓடி வந்தாள். "ஏட்டி சிரிப்பாணி, ஒனக்க மக போன்ல நிக்கா, ஓடி வா." மீன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

"அம்மை, டாக்டரு கட்டில விட்டு எறங்காண்டாம்னு சொல்லிட்டாரு. ஊருக்கு வரவும் கூடாதாம். இவரு காலம்பற போனா பொழுதடஞ்சுதான் வருவாரு. குடிக்க வெள்ளம் எடுத்துத் தர ஆளில்ல. நீ வாறியா?"

"வராம? நாளைக்கே வருதேன் மக்களே" என்றேன். நாளைக்கே! முட்டத்துக்கு மீன் வாங்கப் போகிறவள்போல.

நாகர்கோவிலில் பாஸ்போர்ட்டுக்கு ஃபாரம் எழுதிக் கொடுக்கிற ஒருத்தர் இருந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "பேருக்குப் பின்னால என்ன?"

"பேருக்குப் பின்னால முதுகுதான்."

"அம்மா, குடும்பப் பேர் கேக்கேன். சரி விடுங்க. ஒடம்புல அடையாளம்?"

"மச்சம் ஒண்ணு உண்டு. உமக்குக் காட்டுற எடத்துல இல்ல."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கடைசியில் சொன்னார்: "போலீஸ் விசாரணைக்கு வருவாங்க, வீட்டுல இருங்க." நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அந்த ஒரு பேச்சை மட்டும் சிரிக்காமல் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. போலீஸ்காரன் வந்து ஒரு பேரைச் சொல்லிக் கேட்டால், அந்தப் பேரில் அங்கே யாரும் கிடையாது. பெற்ற தாயே மகனைத் தெரியாது என்பாள். அதிலும் அந்த மாசம் தெருவே பயந்து கிடந்தது. கோவில் கொடியேற்று அன்று நடந்த அடிதடியில் கோழிக்கண்ணியின் மகன் பந்தல் கம்பை உருவி ஒருத்தன் மண்டையில் போட்டிருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு அவள் கன்னியாகுமரியில் தங்கச்சி வீட்டில் ஒளிந்திருந்தாள். போகும்போது வீட்டுச் சாவியை என் மடியில் போட்டு, "ரெஜினா போன் அடிச்சா எடுத்துக்கோ. என்னைய ஆராவது கேட்டா பாத்துச் சொல்லு" என்றாள்.

நான் வாசலில் சாளை மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லை. சாதா சட்டை, காக்கிக் கால்சட்டை, கையில் ஒரு ஃபைலோடு ஒருத்தன் வந்து நின்றான்.

"ஏம்மா, இங்க மரிய பிலோமினாள், அந்தோணி சம்சாரம், யாரு?"

சத்தியமாகச் சொல்கிறேன், அது நானும்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வந்துவிட்டான், கோழிக்கண்ணியைப் பிடிக்க வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். என் நாக்கு அப்படியா?

"இருந்தா சார். செத்துப்போயி ரெண்டு மாசம் ஆச்சு. நல்ல சாவு. மீன்கறி கூட்டிச் சோறு தின்னுட்டு அப்பிடியே சாஞ்சவதான்."

"அடப்பாவமே. நீங்க யாரு?"

"சிரிப்பாணின்னு கேளுங்க, ஊருக்கே தெரியும்."

அவன் எழுதிக்கொண்டு போனான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோழிக்கண்ணி வரட்டும், "ஏட்டி, ஒன்னைய நான் கொன்னுட்டேன் கேட்டியா" என்று சொல்ல வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, நல்ல நாளாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அந்தத் தமாசைக் கருவாடுபோலப் பத்திரப்படுத்தி வைத்தேன். அந்த நாள் வருவதற்குள் மதுரை பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

சாமியார்தான் வாசித்துச் சொன்னார். விசாரணை அறிக்கை சரியில்லை, நேரில் வரவும். பஸ் ஏறிப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"நீங்க இறந்துட்டதா எழுதியிருக்கே."

அப்போதுதான் மக்கா எனக்கு எல்லாம் விளங்கியது. இருந்தாலும் வாய் விடுமா? "சார், வரும்போ பஸ்சுல ஒருத்தன் எனக்க காலை மிதிச்சான். நல்லா நோவிச்சுதே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பின்னால் நின்றவர்களும் சிரிக்கவில்லை. நான் ஒன்று சொல்லி ஒருத்தரும் சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

உயிரோடு இருக்கிறேன் என்று சாமியாரிடம் ஒரு கடிதம், கிராம அதிகாரியிடம் ஒரு கடிதம், புதிதாக ஒரு விசாரணை. சாகடிக்க ஒரு வரி போதும். உயிர்ப்பிக்க எத்தனை சீல் என்கிறாய். ரெஜினா போனில் மாசத்தை எண்ணிக்கொண்டே இருந்தாள். "ஆறு ஆச்சு அம்மை." "ஏழு ஆச்சு அம்மை, பிள்ள நல்லா அனங்குது." நான் காயமருந்து கிண்டினேன். அது பூத்துப்போனது. மறுபடியும் கிண்டினேன். அதுவும் கெட்டது. மூன்றாவது கிண்டும்போது பாஸ்போர்ட் வந்தது. அவளுக்கு அப்போது எட்டாம் மாசம் தொடங்கியிருந்தது.

மருமகன் அன்றைக்கே விசாவுக்குக் கொடுத்தான். எட்டே நாளில் வந்துவிட்டது. நம்புவாயா? அந்த ராஜாவுக்கு என்னைத் தெரியாது, என் மொழி தெரியாது. மூன்று மாசம் மகள் வீட்டில் இருந்துகொள் என்று எட்டு நாளில் தாள் கொடுத்துவிட்டார். என் தெருவில் நான் உயிரோடு இருப்பதற்கு நாலு மாசம் பிடித்தது.

ஆனால் ஆறாம் நாளே அவளுக்கு வலி கண்டுவிட்டது. மருமகன் வேலையிலிருந்து வருவதற்குள் தனியாக, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆண்பிள்ளை. இரண்டு நாள் இருந்தான். ஊரெல்லாம் என்னைப் பாட்டி என்கிறதே, நான் சொந்தத்தில் பாட்டியாக இருந்தது அந்த இரண்டு நாள்தான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அன்று சாயங்காலம்தான் விசா தாள் இங்கே கம்ப்யூட்டர் கடையில் வந்து இறங்கியது.

பிள்ளை பெற்ற நாலாம் நாள் போன் வந்தது. அழவில்லை அவள். மெதுவாகக் கேட்டாள்.

"அம்மை, பால் கெட்டிச்சுக் கல்லு மாதிரி இருக்கு. காய்ச்சலடிக்கு. என்ன செய்ய?"

"பிச்சிப்பூவ வச்சு இறுக்கக் கெட்டு மக்களே. பால் வத்தும்."

"இங்க பிச்சிக்கு நான் எங்க போவேன் அம்மை?"

அந்த நேரம் பார்த்துத் தோவாளைப் பூக்காரி எங்கள் தெருவில் "பிச்சியோ பிச்சி" என்று கூவிக்கொண்டு போனாள். அந்தக் குரல் போன் வழியாக அவளுக்கும் கேட்டிருக்கும். பிறகு நான் சொன்னேன்: "விசா வந்தாச்சு, நான் வருதேன்."

"இனி வந்து என்ன செய்ய? வரண்டாம்."

போகவில்லை. விசா தாளின் நாள் முடிந்தது. பாஸ்போர்ட்டின் பத்து வருசமும் பிறகு முடிந்தது. ரெஜினாவுக்கு அதற்கப்புறம் உண்டாகவில்லை. வருவாள், போவாள். அங்கே இன்னமும் அக்காமா புதுப்பிக்கிறார்கள். ஏன் தாமதமானது என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

இப்போது பூக்காரி வருவதில்லை. பட்டப்பேர்களும் போய்விட்டன. பார்சல் கொண்டுவருகிறவன் மரிய பிலோமினாள் என்று கூப்பிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்குகிறேன். சிரிப்பாணி என்று கூப்பிட மிச்சமிருந்த கோழிக்கண்ணியும் போன தவக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். கல்லறைத் தோட்டத்தில் அவள் சிலுவையில் என் பேர்தான் எழுதியிருக்கிறது. அந்தப் போலீஸ்காரன் எழுதியது ஒருவழியாக உண்மையாகிவிட்டது. அவள் போனதால்தான் உன்னிடம் இதைச் சொல்கிறேன்.

அன்றைக்குப் போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். தெருப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். கோழிக்கண்ணி முன்னால் நின்றாள். மகன் கேஸ் ராசியாகி அவள் திரும்பி வந்து நாளாகியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டி நீ நேரத்தே போவல? என்னதான்டி நடந்துது?" என்று அழுதாள். அந்தச் சின்ன உருண்டைக் கண்ணைப் பார்த்தேன். பத்திரப்படுத்தி வைத்திருந்த தமாசை அப்படியே மூடி வைத்தேன்.

"அந்த ஊரு ராஜா விசா தரமாட்டேன்னுட்டான்டி" என்றேன்.

பாவம் அந்த ராஜா. சாகிறவரை தினமும் செபமாலை முடித்து அவனைச் சபித்தாள் கோழிக்கண்ணி. நானும் பக்கத்தில் இருந்து ஆமென் சொன்னேன்.