பிசினஸ் கிளாஸில் நின்றுகொண்டே போன அக்கா

வயதானவர்களுக்குத் துணையாக விமானத்தில் போவது சம்பளமில்லாத உத்தியோகம். அதில் லீவு கிடையாது, குற்றச்சாட்டு மட்டும் உண்டு. அம்மாவையோ மாமியாரையோ கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்த வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இந்த உத்தியோகம் வாய்த்தது என் அக்கா லெட்சுமியால். இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். மகள் செல்வி டொரொண்டோவில் இருக்கிறாள். பிரசவத்துக்கு அம்மா வர வேண்டும் என்றாள். அக்காவின் வலது முழங்கால் சரியாக மடங்காது. அதனால் செல்வி தான் சேர்த்து வைத்திருந்த விமானப் புள்ளிகளை எல்லாம் கொட்டி, லண்டனிலிருந்து டொரொண்டோ வரை எங்கள் இருவருக்கும் பிசினஸ் கிளாஸ் எடுத்துவிட்டாள். கொழும்பிலிருந்து லண்டன் வரை புள்ளி போதவில்லை. அது சாதாரண வகுப்புத்தான். துணைக்கு என்னைத் தெரிவு செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நான் பத்திரிகையில் சிறுவர் பக்கம் செய்கிறவன். சின்னப் பிள்ளைகளுக்கே விளங்கப்படுத்துகிறவருக்கு அம்மாவுக்கு விளங்கப்படுத்துவதா கஷ்டம் என்று நினைத்திருக்கிறாள். சின்னப் பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை.

புறப்படும் முன் ஒரு நிபந்தனையும் போடப்பட்டது. அக்காவுக்கு, தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவிலிருந்து மாறி, அண்மையில்தான் தனி வீடு கிடைத்திருந்தது. மூன்று மாதம் பேரப்பிள்ளையோடு இருந்துவிட்டு அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவள் திட்டம். மடங்காத காலோடு அம்மா மலையில் தனியாக இருக்கவே கூடாது என்பது செல்வியின் திட்டம். பல நாள் தொலைபேசிச் சண்டைக்குப் பிறகு செல்வி என்னிடம் தீர்ப்புச் சொன்னாள்: "அம்மா சொந்தக் காலால நடந்து வந்தா மூணு மாசத்துல அனுப்பிடுறேன் மாமா. நாற்காலியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தீங்கன்னா, அப்புறம் இங்கேயேதான்." அதைச் சொன்ன கையோடு, அம்மாவுக்கு விமான நிலையத்தில் சக்கர நாற்காலியும் அவளே பதிந்து வைத்தாள்.

பெரட்டு

சாதாரண வகுப்பில் நாம் ஒரு இலக்கமும் ஓர் எழுத்தும் மட்டுமே. பிசினஸ் கிளாஸில் பணிப்பெண் கையில் ஒரு தாளோடு வந்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்பாள். எங்களிடம் வந்தவள் குனிந்து, "மிஸஸ் லெட்சுமி" என்றாள். அக்கா உடனே எழுந்து நின்றுவிட்டாள். தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் இன்னின்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து விடுவார்கள். வாழ்நாளெல்லாம் அக்காவின் பெயரைத் தாளில் பார்த்துக் கூப்பிட்டவர்கள் அதற்காகத்தான் கூப்பிட்டார்கள்.

பணிப்பெண் பழச்சாறு நீட்டினாள். அக்கா எடுக்கவில்லை. அவள் சிரித்தாள், அக்காவும் சிரித்தாள். இருவரும் அடுத்தவர் பேசட்டும் என்று காத்து நின்றார்கள். பின்னால் ஏறுகிறவர்கள் வழியில் தேங்கிப் போனார்கள். உட்காரு அக்கா என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பேரக் கூப்புட்டாச்சு. எந்த மலைன்னு சொல்லாம எப்படித் தம்பி உக்கார்றது?"

கட்டில்

இந்த வகுப்பின் பெருமையே, இருக்கை கட்டிலாக மாறுவதுதான். ஒரு பொத்தானை அமத்தினால் முதுகு சாயும். இன்னொன்றுக்குக் கால் நீளும். மூன்றாவதை விடாமல் அமத்தினால் முழுதும் மட்டமாகிவிடும். சிறுவர் பக்கத்துக்கு எழுதுவதுபோல ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். அக்கா கவனமாகப் பார்த்தாள், மெத்தையைக் கையால் அமத்திச் சோதித்தாள், நல்ல மெத்தை என்று ஒப்புக்கொண்டாள். பிறகு எழுந்து வழியில் போய் நின்றுகொண்டாள்.

காரணம் இருந்தது. அவள் முழங்காலுக்கு நடை வேண்டும். நடந்தால் வழிக்கு வரும். சும்மா கிடந்தால் விறைத்துவிடும். லண்டன் வரை நெருக்கியடித்த இருக்கையில் தூங்கிவிட்டு இறங்கியபோது, என் தோளையும் சுவரையும் பிடித்துத்தான் அவளால் நகர முடிந்தது. இப்போது எட்டு மணி நேரம் மல்லாந்து கிடந்தால் டொரொண்டோவில் நாற்காலிதான். எனக்கு அந்தக் கவலை இல்லாததால் நான் படுத்துக்கொண்டேன். அக்கா என்னை மேலிருந்து பார்த்துச் சொன்னாள்:

"நல்ல கட்டில்தான் தம்பி. செல்வி இதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கா."

கோப்பி

மலைநாட்டுக்காரன் விமானத்தில் போனால் தேயிலையைப் பற்றி ஒரு பந்தி எழுதியே தீருவான் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். உணவுப் பட்டியலில் எங்கள் பக்கத்துத் தேயிலை இருந்தது உண்மை. அதன் மணத்தை நாலு வரிக்கு வர்ணித்திருந்ததும் உண்மை. அதை அக்காவுக்கு உருக்கமாக மொழிபெயர்த்தேன். பணிப்பெண்ணும், எங்கள் ஊரைத் தெரிந்துகொண்டு, ஆவலாகக் காத்து நின்றாள். அக்கா கோப்பி கேட்டாள்.

"தேத்தண்ணி ஊர்ல கெடக்குது. காசு குடுத்து வந்த எடத்துலயுமா?"

வரிசை

விமானத்தில் ஒருவர் காரணமில்லாமல் நின்றால், பணிப்பெண்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. ஏதாவது வேண்டுமா, உடம்புக்கு முடியவில்லையா, தண்ணீர் தரட்டுமா என்று மாறி மாறிக் கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்று நான் மொழிபெயர்த்து அலுத்துப் போனேன். திடீரென்று அக்காவைக் காணவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். சாதாரண வகுப்பின் கடைக்கோடியில், கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முறை வந்ததும் பின்னால் நிற்பவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மறுபடி வால்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டாள். நடையும் ஆச்சு, நிற்பதற்குக் காரணமும் ஆச்சு. அந்த வரிசையில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போய்விட்டது.

பணிப்பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை. மிஸஸ் லெட்சுமிக்கு முன்பக்கத்தில் தனிக் கழிப்பறை உண்டு, அங்கே வரிசையே இல்லை என்று அன்பாகக் கைபிடித்து அழைத்து வந்தாள். அடுத்த அரை மணிக்குள் மறுபடியும் அதுவே நடந்தது. மூன்றாம் தடவை என்னிடம் முறையிட்டாள். நான் அக்காவிடம் சொன்னேன்.

"வரிசையே இல்லாத எடத்துல நான் எங்க போய் நிக்கிறது?"

நல்ல கால்

வழிக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். டொரொண்டோவில் நெடுநாள் இருப்பவர். அக்கா போகும்போதும் வரும்போதும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் பேச்சுக் கொடுத்தார். ஊரைக் கேட்டார். தேயிலைத் தோட்டத்தைச் சின்ன வயதில் சுற்றுலா போய்ப் பார்த்ததையும், குளிரில் தன் பற்கள் அடித்துக்கொண்டதையும் சொன்னார். அக்கா அதற்காக வருத்தம் தெரிவித்தாள்.

இறங்கும்போது தனக்குச் சக்கர நாற்காலி வரும் என்று அவர் சொன்னதும், அக்கா பதறிப்போய்க் காலுக்கு என்ன என்று விசாரித்தாள். அவர் சிரித்தார். "என்ர காலுக்கு ஒண்டுமில்லை. வீல்செயர் எண்டால் குடிவரவில லைனில நிக்கத் தேவையில்லை. உங்களுக்கும் பதிஞ்சிருக்கெண்டு தம்பி சொல்லுறார், நீங்கள் ஏன் வேண்டாம் எண்டுறியள்?"

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"நீங்க ஒக்காந்து போனா வாசல்ல எந்திரிச்சுக்குவீங்க. நான் ஒக்காந்தா அப்புறம் என்னைய எந்திரிக்க விட மாட்டாங்கம்மா."

அந்த அம்மா அதற்குப் பிறகு நாற்காலிப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா வழியில் நடக்கும்போதெல்லாம் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

செருப்பு

விமானம் தாழத் தொடங்கியது. எல்லோரும் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டளைக்கு அக்காவும் பணிந்தாள். அப்போதுதான் அவளுடைய இடது செருப்பு இருக்கைக்கு அடியிலுள்ள இடுக்கில் போய்விட்டது தெரிந்தது. பணிப்பெண் தரையிறங்கிய பிறகு எடுத்துத் தருகிறேன் என்றாள். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இறங்கிய நிமிஷமே நடக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று அது சொன்னது. நான் பட்டியை அவிழ்த்து, குனிந்து, மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வழியெல்லாம் படுத்துக் கிடந்த உடம்பு அது. செருப்பு விரலில் பட்ட நேரம் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது. என் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது.

செருப்பை அக்காவிடம் நீட்டினேன். அவள் போட்டுக்கொண்டு, தரையில் கிடந்த என்னைக் குனிந்து பார்த்தாள்.

"செருப்பு வந்துடுச்சு. நீ எப்ப வர்ற?"

வாசல்

விமானத்தின் கதவருகே, அக்காவின் பெயரை எழுதிய அட்டையோடு ஓர் இளைஞர் சக்கர நாற்காலியைப் பிடித்து நின்றார். நேராக நிமிர்ந்து நின்ற அக்காவைப் பார்த்தார். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்திபோல வளைந்து வந்த என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். நான் மறுக்கவில்லை. அக்கா இரண்டு பைகளையும் என் மடியில் வைத்து, நாற்காலியின் ஒரு கைப்பிடியைத் தானும் பற்றிக்கொண்டாள். அந்த நீளமான நடைபாதைகளை அவள் முடித்தது அந்தக் கைப்பிடியால்தான். பக்கத்தில் அந்த யாழ்ப்பாணத்து அம்மா தன் நாற்காலியில் எங்களை முந்திக்கொண்டு போனார், கையும் காட்டினார்.

வெளியே செல்வி நிறைமாத வயிற்றோடு நின்றாள். கூட்டத்துக்கு மேலாக முதலில் நாற்காலியைத்தான் கண்டாள் போல. கண் கலங்கியது, ஆனால் வழக்கில் வென்ற முகமும் அதிலேயே இருந்தது. கிட்டே வந்த பிறகுதான் அதில் இருப்பது மாமா என்று கண்டாள். ஆனாலும் அவள் லெட்சுமியின் மகள். கைப்பிடியில் இருந்த கையைப் பார்த்தாள். அதை விட்டுட்டு இங்க வாம்மா என்று கூப்பிட்டாள்.

அக்கா கையை எடுத்தாள். வலது காலை மடக்காமல் வீசி வைத்து, இடதை ஊன்றி, அவசரப்படாமல் நடந்தாள். நடுவில் ஒரு தடவை நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நாற்காலி பிடித்த இளைஞரும் காரணம் தெரியாமலே அப்படித்தான் நின்றார். அக்கா மறுபடி காலை வீசினாள். போய்ச் சேர்ந்ததும் மகளின் வயிற்றில் கை வைத்தாள். பிறகு செல்வி அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"சரி, அம்மாவோட திரும்புற டிக்கட்ட மாத்தல. ஆனா மாமா, ஒங்கள எப்படித் திரும்ப அனுப்புறதுன்னுதான் தெரியல."

மூன்று மாதம் கழித்து அக்கா என்னைப் பத்திரமாக லிந்துலை வரை கூட்டிவந்து சேர்த்துவிட்டாள் என்பதால், இந்த உத்தியோகத்துக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, துணைக்குப் போகிறவர் தனக்கும் ஒரு துணை பார்த்துக்கொள்வது நல்லது என்பது மட்டும்தான்.