மிட்சுயோ நின்ற ஓரம்

எங்கள் ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள் மிட்சுயோ. அவளைப்போல் பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை, அவளைப்போல் பிடிவாதக்காரியையும்தான்.

பூமிக்குப் பக்கத்தில் திரியும் விண்கல் ஏதாவது ஒரு நட்சத்திரத்தை மறைத்தால், அதன் நிழல் எங்கள் வயல்களைத் தாண்டி நொடியில் ஓடிவிடும். அதைப் பிடிக்க ஆளுக்கொரு தொலைநோக்கியோடு சாலை நெடுக நிற்போம். யாருக்கு எவ்வளவு நேரம் நட்சத்திரம் அணைந்தது என்று அடுக்கிப் பார்த்தால் கல்லின் வடிவம் வந்துவிடும். நிற்கும் இடத்துக்குச் சீட்டு எடுப்போம். மிட்சுயோவுக்கு எப்போதும் வரிசையின் ஓரம்தான், நிழல் எட்டுமோ எட்டாதோ என்கிற இடம். இத்தனை வருஷத்தில் ஒரு நட்சத்திரம்கூட அவள் கண்ணெதிரே அணைந்ததில்லை.

போன குளிர்காலத்தில் ஒருவழியாக நடு இடம் விழுந்தது. அதுவும் விண்கலம் ஒன்று இறங்கப் போகிற கல்! சந்தோஷத்தில் கடையையே மூடிவிட்டு வந்தாள். ஓரம் போனது மீன்வடை விற்கும் கஜிதாவுக்கு.

“அங்க நின்னு குளிர்ல வெறச்சுப் போகவா? ஒரு மண்ணும் தெரியாது. நான் வரல,” என்று முறுக்கிக்கொண்டார்.

“ஓரத்துல ஆள் இல்லன்னா, கல்லு எங்க முடியுதுன்னு எப்படிங்க தெரியும்?” என்றாள் மிட்சுயோ.

“அவ்வளவு அக்கறைன்னா நீயே போயேன்!”

தன் நடு இடத்துச் சீட்டை அவர் கையில் திணித்துவிட்டு ஓரத்துக்குப் போயே விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிழல் கடந்த பிறகு ஊர்மன்றத்தில் கூடினோம். கஜிதாவுக்கும் எனக்கும் நட்சத்திரம் பளிச்சென்று அணைந்திருந்தது. மிட்சுயோ கடைசியாக வந்தாள், மூக்கெல்லாம் சிவந்து.

“உங்களுக்கு?” என்றார் கணக்குப் போடும் ஒரிஹாரா வாத்தியார்.

“லேசா மங்குச்சு.”

“அட்ரா சக்க!” என்று கஜிதாவே கைதட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. தன் தொலைநோக்கியில் மாட்டியிருந்த கேமராவின் பதிவை மறுபடி ஓட்டினாள். பக்கத்து நட்சத்திரமும் கூடவே மங்கியிருந்தது.

“மேகம், வாத்தியாரே. அணையல. அப்படியே எழுதிக்கோங்க.”

ஆளுக்கொரு கோடாக நேரங்களை அடுக்கியிருந்த படத்தில், அவள் நின்ற இடத்துக்கும் ஒரு வெறும் கோடு போட்டார் வாத்தியார். “இந்தப் பக்கம் கல்லு நீளமா போகும்னு நெனச்சிருந்தோம். இல்ல, மொட்டையா முடியுது. நீங்க நிக்கலன்னா தெரிஞ்சிருக்காது,” என்று குனிந்து வணங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குளிருக்கு மன்றத்தில் கொடுத்த சூடான முள்ளங்கித் துண்டை ஊதியபடி மிட்சுயோ திரும்பினாள்.

“கஜிதா, அணையும்போது எப்படிங்க இருந்துச்சு? கொஞ்சம் சொல்லுங்களேன்.”

கஜிதா தன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.